பட்டர் சிக்கன்: ஓர் அகதிக் கறி

பல்லாரோ சந்தையில் தக்காளி வாங்கி வந்து நம் வீடுகளில் பிள்ளைகளுக்காகச் செய்து பார்க்கும் பட்டர் சிக்கனை அரண்மனைச் சமையல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1947 பிரிவினையில் பெஷாவரை விட்டு டெல்லிக்கு வந்த அகதிகள் பிரபலமாக்கிய கறி இது. குந்தன்லால் குஜ்ரால், குந்தன்லால் ஜக்கி முதலானோர் தரியாகஞ்சில் மோத்தி மகால் உணவகத்தை நடத்தினர். தந்தூரி அடுப்பில் சுட்ட கோழி விற்காமல் மிஞ்சினால் காய்ந்துவிடும். அதைத் தக்காளி, வெண்ணெய், கிரீம் சேர்ந்த குழம்பில் போட்டு மிருதுவாக்கினார்கள் என்பதே கதை. மிஞ்சிய சரக்கை நட்டக் கணக்கில் எழுதாமல் விலைப்பட்டியலில் ஏற்றிய கெட்டித்தனம்!

2024 ஜனவரியில் குஜ்ரால் குடும்பம் இதற்கு உரிமை கோரி டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 1930களில் பெஷாவரிலேயே பிறந்தது என்கிறார்கள் அவர்கள். 1947இல் டெல்லியில்தான் என்கிறது ஜக்கி தரப்பு. ஊரிலா, இடம்பெயர்ந்த பிறகா? அன்று எவரும் எழுதி வைக்கவில்லை. நம் அம்மாமாரின் கறிகளும் அப்படித்தான் கிடக்கின்றன. கேட்டு எழுத இன்னும் ஆளிருக்கிறது.

வீட்டில் செய்பவர்கள் தயிரில் ஊறிய கோழியை முதலில் போறணையில் சுட்டெடுங்கள். பிறகே குழம்பு. நமது வறுத்த கறித்தூள் மட்டும் வேண்டாம், வெண்ணெய் மணத்தை அமுக்கிவிடும்.