கழுத்திறகுக்காக ஒரு வேட்டை

ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போகிறவர்கள் திட்டம் போடும் அழகே தனி. ஜனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் மொம்பாஸாவில் போய் இறங்கியபோது, தோல்களைப் பதப்படுத்த 4 டன் உப்பும், பன்றித் தோல் அட்டை போட்ட ஒரு சிறு புத்தகசாலையும் அவரோடு போயின. உப்பு அவசியம்தான். புத்தகங்களைத் தலையில் சுமந்த கூலியாளை நினைத்தால், எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது.

நம் ஜவ்வாது மலையில் அவ்வளவு சம்பிரமத்துக்கு வேலையில்லை. விடியற்காலையில் அங்கே சாம்பல் நிறக் காட்டுச்சேவல் கூவும். வீட்டுச் சேவலைப் போல் நீட்டி முழக்காது. கோபக்காரக் கிழவர் பேசுகிறாற்போல் வெட்டி வெட்டிக் கூவும். அதற்குத் துப்பாக்கி எதற்கு? பழக்கிய சேவல் ஒன்றைக் கட்டி வைத்து, சுற்றிலும் கண்ணி போட்டுவிட்டு மறைந்திருப்பது வேடர்களின் பழைய தந்திரம். தன் எல்லைக்குள் எவனோ கூவுகிறானே என்று காட்டுச்சேவல் சண்டைக்கு வரும். மானம் பெரிதென்று வந்த பாவத்துக்குக் கால் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் காலம் பார்க்க வேண்டும். இனப்பெருக்கம் முடிந்ததும் சேவல் தன் அலங்காரக் கழுத்திறகுகளை உதிர்த்துவிட்டுச் சில மாதங்கள் மங்கிய கருப்பு இறகோடு திரியும். கறிக்குப் பிடிப்பவனுக்கு அதனால் நஷ்டமில்லை. இறகுக்குப் பிடிப்பவனுக்கோ முழு நஷ்டம்!

அந்தக் கழுத்திறகில்தான் விஷயமே இருக்கிறது. அரக்குச் சொட்டு விழுந்து இறுகினாற்போல் மஞ்சளாக ஒரு பளபளப்பு. பிரிட்டனில் சால்மன் மீன் பிடிக்கும் கனவான்கள் அதைத் தூண்டில் முள்ளில் கட்டுவார்கள். சிறு மீனின் கண்ணென்று நினைத்துப் பெரிய மீன் வாயைத் திறக்குமாம். கண்ணி வைத்தவன் சால்மனைக் கண்டதில்லை; சால்மன் பிடித்த கனவான் அந்தச் சேவல் கூவிக் கேட்டதில்லை. நடுவிலிருந்த வியாபாரிக்கு இரண்டும் வேண்டியதில்லை.

சீமாட்டிகளின் தொப்பி மோகத்தால் பறவைகள் அழிகின்றன என்று 1902-ல் இந்திய சர்க்கார் இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. 1921-ல் பிரிட்டனே இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் செய்தது. ஆசை தடைபடவில்லை, இறகு கள்ளத்தனமாகக் கப்பலேறியது.

இந்தப் பறவைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். புதுச்சேரிப் பக்கம் சுற்றிய ஸொன்னெரா என்பவர். 1782-ல் வெளியான தமது யாத்திரைப் புத்தகத்தில், நாட்டுக்கோழிக்கு மூதாதை இதுதான் என்றார். டார்வின் ஒப்பவில்லை, செங்காட்டுக்கோழிதான் மூதாதை என்று 1868-ல் எழுதினார். ஸொன்னெராவின் கட்சி தோற்றது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2008-ல் மரபணுவைச் சோதித்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்: வம்சம் செங்காட்டுக்கோழியுடையதே, ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் நம் சாம்பல் கோழி கொடுத்த சீதனம். இருநூறு வருஷம் கழித்து அரைத் தீர்ப்பாவது கிடைத்ததே!

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் கண்ணி வைப்பது குற்றம். பறவை பிழைக்க அது வேண்டியதுதான். ஆனால், வீட்டுக் குழம்புக்கு ஒன்று பிடிக்கும் மலையாளியும் (கேரளத்தவரல்ல, ஜவ்வாதில் தலைமுறைகளாக உழுது பயிரிடும் நம் மலைத் தமிழர்) இறகு வியாபாரியும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பது எனக்குச் சமாதானமாயில்லை. சால்மன் கனவான்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. அவர்கள் ஊரிலேயே பண்ணையில் இந்தச் சேவலை வளர்த்து இறகெடுக்கிறார்கள்.