கல் சொல்லும் சாட்சி

முன்னொரு காலத்தில் நாம் பணியாற்றிய தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில், ஊர்ச் சாவடியின் ஓரமாக இளவட்டக்கல் ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. அதைக் குனிந்தெடுத்து, முழங்காலில் ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்குக் கொண்டுசென்று முதுகுப்புறமாக எறிபவனே பெண் கொடுக்கத் தக்கவன் என்பது அந்நாளைய வழக்கு. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், தம் பாட்டனார் அக்கல்லைத் தோளில் சுமந்தபடியே ஊரை மும்முறை வலம் வந்ததாகச் சொல்வார். கல்லின் எடை மூன்று குவிண்டால் என்பதும் அவர் கணக்கு. ஒரு பொங்கலன்று இளைஞர்கள் சிலர் அந்தக் கல்லைப் பெயர்த்து, மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்று, அரிசி ஆலையின் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டார்கள். சொன்னதில் பாதிகூட இல்லை. சாவடியில் சிரிப்பொலி எழுந்தது. நாமும் சிரித்தோம். பெரியவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் அவர் தம் பாட்டனாரைப் பற்றிப் பேசி நாம் கேட்டதேயில்லை.

அன்று நாம் சிரித்தது பிழை என்று உணரப் பல ஆண்டுகள் ஆயின. பளுதூக்கும் கலையின் பழைய வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான், இத்தகைய கதைகளை எவ்வாறு நம்புவது, எங்கே ஐயுறுவது என்பதைச் சிறிதேனும் கற்றுக்கொண்டோம். கேட்டதையெல்லாம் நம்புவது எளிது. கேட்டதையெல்லாம் தள்ளுவது அதனினும் எளிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில்தான் உழைப்பு தேவைப்படுகிறது.

பேசும் கற்கள்

கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் செந்நிற மணற்கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் எடை 143.5 கிலோ. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் அக்கல்லின் மீதே ஓர் எழுத்துப் பொறிப்பு உள்ளது. பைபோன் என்பவன் ஒரே கையால் தன்னைத் தலைக்கு மேலாகத் தூக்கினான் என்று கல்லே பேசுவதுபோல் அது அமைந்துள்ளது. தேரா என்னும் எரிமலைத் தீவிலோ 480 கிலோ எடையுள்ள பெரும்பாறை ஒன்று இருக்கிறது. யூமாஸ்தாஸ் என்பவன் தன்னைத் தரையிலிருந்து தூக்கினான் என்று அதுவும் சொல்கிறது.

இவற்றை நம்பலாமா? கற்கள் நம்மிடம் எஞ்சியுள்ளன. எனவே எடையில் ஐயமில்லை. ஐயமெல்லாம் வினைச்சொல்லில்தான். பைபோனின் கல்லில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குத் 'தலைக்கு மேலாக எறிந்தான்' என்றும் பொருள் கொள்ளலாம். கைப்பிடியற்ற கல்லைத் தரையிலிருந்து ஒரே கையால் எடுத்துத் தலைக்கு மேல் எறிதல் மனித உடலுக்கு ஒவ்வாதது. ஆனால் இரு கைகளாலும் தோள்வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு கைக்கு மாற்றி உயர்த்தியிருந்தால், அது அரியதே தவிர நடவாததன்று. ஜெர்மானிய வீரர் ஆர்தர் சாக்சன் 1905இல், உடலை ஒருபுறம் சாய்த்தவாறே ஒரு கையால் ஏறத்தாழ 168 கிலோ எடையுள்ள இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் நிலைநிறுத்தினார். யூமாஸ்தாஸின் பாறையைப் பொறுத்தவரை, 'தரையிலிருந்து' என்பதோடு பொறிப்பு நின்றுவிடுகிறது. எவ்வளவு உயரம் என்று அது சொல்லவில்லை. ஒரு முனை மட்டுமே எழுந்ததா, பாறை முழுவதுமே எழுந்ததா என்பதும் அதில் இல்லை. 2016இல் ஆங்கிலேயர் எடி ஹால் 500 கிலோவைத் தரையிலிருந்து தொடைவரை எடுத்தார் எனினும், அவர் பிடித்தது கைக்கு அடங்கும் கம்பியை, பாறையை அன்று.

இதே கிரேக்கர்களிடையே புகழ்பெற்ற குரோத்தோன் நகர் மைலோவை எடுத்துக்கொள்வோம். மல்யுத்தத்தில் ஆறுமுறை ஒலிம்பிக் வாகை சூடிய மெய்யான மனிதர் அவர். கன்றுக்குட்டி ஒன்றை அது காளையாகும்வரை நாள்தோறும் சுமந்தார் என்பதும், நான்கு வயதுக் காளையைத் தோளில் ஏந்தி வலம் வந்து, பின் ஒரே நாளில் அதை உண்டு முடித்தார் என்பதும் அவரைப் பற்றிய கதைகள். காளையை உண்ட கதையை நமக்குச் சொல்லும் அத்தேனேயஸ் வாழ்ந்ததோ மைலோவுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து. வெற்றிகளை வரலாறு காத்தது. காளையை வளர்த்தது மக்களின் நாவு.

ஸ்காட்லாந்து நாட்டில் போட்டார்ச் என்னுமிடத்தில் இரும்பு வளையங்கள் பதித்த இரு கற்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து 332 கிலோ. 1860இல் டொனால்ட் டின்னி என்ற வீரர் கைக்கொன்றாக அவற்றைப் பற்றிப் பாலத்தின் குறுக்கே சுமந்து சென்றார் என்பது வழிவழிச் செய்தி. ஐயுற்றவர்கள் பலர். ஆனால் கற்கள் அங்கேயே கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தூக்கிக் காட்டியவர்கள் எழுந்தார்கள். டின்னி சுமந்தார் என்பதற்கு அது நேரடிச் சான்றாகாது. எனினும், 'மனிதனால் இயலாது' என்று கூறிய வாய்களை அது அடைத்தது.

வித்தையும் வலிமையும்

எடையை அறிந்தால் மட்டும் போதாது. தூக்கிய முறையையும் அறிய வேண்டும். இந்தப் பாடத்தை முதன்முதலில் தெளிவாகக் கற்பித்தவர்களுள் ஒருவர் ஒரு குருவானவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது. ஜான் தியோபிலஸ் தெசாகுலியே, பிரான்சு நாட்டில் லா ரொஷெல் நகரில் 1683இல் பிறந்து, இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். நியூட்டனுக்குத் துணைநின்று ஆய்வுகள் செய்து காட்டிய இயற்பியல் அறிஞரும் அவரே.

அவர் காலத்தில் எக்கன்பெர்க் என்னும் ஜெர்மானியர் தம்மைச் சிம்சோன் என விளம்பரப்படுத்திக்கொண்டு இலண்டனில் காட்சிகள் நடத்தினார். சரிவான பலகையில் அமர்ந்து, கால்களை எதிரேயுள்ள தடுப்பில் ஊன்றி, இடுப்பில் கட்டிய வாரில் கயிற்றைப் பிணைத்துக் குதிரைகளை இழுக்கச் செய்வார். குதிரைகளால் அவரை அசைக்க முடியாது. தெசாகுலியே நண்பர்களோடு சென்று உற்றுப் பார்த்தார். இழுவிசை முழுவதும் நேராக நீட்டிய கால் எலும்புகளின் வழியே தடுப்பிற்குச் சென்றுவிடுவதைக் கண்டுகொண்டார். அவ்வாறே அமர்ந்து, சாதாரண உடலினரும் அதைச் செய்யலாம் என்று மெய்ப்பித்தும் காட்டினார்.

இத்தோடு நின்றிருந்தால் அவரும் நம்மைப் போல் சாவடியில் சிரித்தவர்களுள் ஒருவராகியிருப்பார். தாமஸ் டோபம் என்னும் மற்றொருவர் பற்றிக் கேள்வியுற்று அவரையும் சென்று கண்டார். டோபம் தச்சுத் தொழில் பயின்று பின்னர் விடுதி நடத்தியவர். வித்தை ஏதும் அறியாதவர். கனத்த ஈயத்தட்டை விரல்களால் பாய்போலச் சுருட்டினார். இரும்புக் கோலைத் தம் முன்கையில் அடித்து வளைத்தார். இங்கே நெம்புகோலும் இல்லை, எலும்பின் தாங்கலும் இல்லை; தசையின் ஆற்றலே உள்ளது என்று தெசாகுலியே பதிவு செய்தார். குதிரைகளை எதிர்த்து இழுக்க முயன்றபோது, கால்களைச் சரியான நிலையில் ஊன்றத் தெரியாததால் டோபம் காயமுற்றார். வித்தை தெரிந்திருந்தால் அவர் நலமாகத் திரும்பியிருப்பார்! அதே டோபம் 1741 மே 28 அன்று, நீர் நிறைந்த மூன்று பெரும் பீப்பாய்களை, ஏறத்தாழ 833 கிலோ பாரத்தை, தோள்வார் கொண்டு மேடைமேல் நின்று உயர்த்தினார்.

ஒரே மனிதர், ஒரே கண்கொண்டு, ஒருவரின் புகழைக் குறைத்தார்; மற்றவரின் புகழை உறுதி செய்தார். ஐயம் என்பது நேர்மையோடு கூடியிருந்தால் அது இவ்வாறுதான் செயலாற்றும்.

மான்றியால் நகரின் வீரர்

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு லூயி சீர் என்பவரிடம் செல்வோம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1863இல் பிறந்த பிரெஞ்சு வழியினர் அவர். விவிலியச் சிம்சோனைப் போலவே மகன் விளங்கவேண்டும் என்று அவருடைய தாய் அவர் முடியை நீள வளர்க்கச் செய்தார் என்பர். மான்றியாலில் சிலகாலம் காவலராகவும் இருந்தார். 1895இல் பாஸ்டன் நகரில், பலகை மேடை ஒன்றின் மீது 18 ஆண்களை நிற்கவைத்து, மொத்தம் 1,967 கிலோவைத் தம் முதுகால் உயர்த்தினார் என்பது அவரைப் பற்றிய தலைசிறந்த செய்தி.

இக்காலத்தவர் இதைக் கேட்டால் நகைப்பர். 2021 டிசம்பரில் தாஷ்கென்டில் ஜார்ஜியா நாட்டின் லாஷா தலகாட்சே 267 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தி உலகை வியக்கவைத்தார். அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட எடையை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் தூக்கினாரா?

ஆனால் 'தூக்கினார்' என்ற ஒரே சொல் இங்கே இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. தலகாட்சே பாரத்தைத் தரையிலிருந்து தலைக்கு மேல் கொண்டுசென்றார். சீரோ, தாங்குகால்கள் மீதிருந்த மேடையின் கீழ் குனிந்து நின்று, கைகளை முன்னே ஊன்றி, மடங்கிய முழங்கால்களைச் சற்றே நிமிர்த்தினார். மேடை தாங்குகால்களை விட்டுச் சில விரற்கடை எழுந்தால் போதும். பாரத்தின் பெரும்பகுதியை முதுகின், தொடையின் எலும்புகளே தாங்கும். மனித உடல் மிகுதியான எடையைத் தாங்க வல்ல நிலை அது. ஆகவே அந்த எண் நம்பத்தகாத எண் அன்று. அதைத் தலைக்கு மேல் தூக்கும் எடையோடு ஒப்பிடுவதுதான் தகாதது.

1891இல் மான்றியாலின் சோமர் பூங்காவில் பெருங்கூட்டத்தின் முன் நான்கு குதிரைகளைச் சீர் எதிர்த்து நின்றதையும் தெசாகுலியேயின் கண்கொண்டு பார்க்கலாம். இரண்டு இப்புறமும் இரண்டு அப்புறமுமாக இழுக்கையில், ஒரு புறத்தின் இழுவையை மறுபுறத்தின் இழுவையே சமன் செய்கிறது. நடுவில் நிற்பவர் குதிரைகளை வெல்ல வேண்டியதில்லை. கோத்த கைகள் விட்டுப்போகாமல் காத்தால் போதும். 'போதும்' என்று எழுதுவது எளிது! அந்த இழுவையைத் தாங்கிய கைகளும் தோள்களும் எத்தகையவை என்பதை எண்ணிப் பார்த்தால், விளக்கம் வியப்பைக் குறைக்கவில்லை. வியக்க வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. 1912இல் 49 வயதில் சிறுநீரக நோயால் மறைந்த அவருக்கு மான்றியாலில் இன்றும் சிலை நிற்கிறது.

ஏட்டிலிருந்து நீங்கிய எண்

மூன்றாவதாகச் சாட்சிகளைக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1932இல் பிறந்த பால் ஆண்டர்சனின் வாழ்வு இதற்கு எடுத்துக்காட்டு. 1957இல் தம் சொந்த ஊரான டோக்கோவாவில், ஈயம் நிறைத்த இரும்புப் பெட்டியும் பிற பாரங்களும் ஏற்றிய மேசையை முதுகால் உயர்த்தினார் என்றும், அதன் எடை 2,844 கிலோ என்றும் சொல்லப்பட்டது. மனிதர் ஒருவர் உயர்த்திய மிகப்பெரும் எடை என்று கின்னஸ் நூலும் பல காலம் அதை ஏற்று அச்சிட்டது. பின்னர், போதிய சான்று இல்லையென்று அதை நீக்கிவிட்டது.

ஆண்டர்சனை மதித்தவர்கள் வருந்தினார்கள். பாரம் முறையாக நிறுக்கப்பட்டதை உறுதிப்படுத்தும் நடுநிலைச் சாட்சியம் கிடைக்காதபோது நூல் வேறென்ன செய்ய இயலும்? ஆனால் அந்த எண் நீங்கியதால் ஆண்டர்சன் நீங்கிவிட்டாரா? 1955 ஜூனில் மாஸ்கோவில், மழையில் நனைந்து நின்ற ஆயிரக்கணக்கான சோவியத் மக்கள் முன்னிலையில், 182.5 கிலோவைத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தினார். பனிப்போர் நாள்களில், எதிரணியினரின் மண்ணில், எதிரணியினரின் கண்முன் நிகழ்ந்தது அது; அதனினும் நல்ல சாட்சி வேறு வேண்டுமா? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் காய்ச்சலால் நலிந்திருந்த நிலையில், இறுதி முயற்சியில் 187.5 கிலோவை உயர்த்தி, அர்ஜென்டினாவின் செல்வெட்டியோடு 500 கிலோ என்ற சம எண்ணிக்கையை எட்டினார். உடல் எடை குறைந்தவர் என்பதால் தங்கம் அவருக்காயிற்று. இவை தராசும் நடுவர்களும் ஏட்டில் எழுதியவை. எவரும் நீக்க முடியாதவை.

மிகைப்படுத்தப்பட்ட எண் ஒரு வீரனுக்கு நாம் செய்யும் உபகாரம் அன்று. அந்த எண் உடையும் நாளில், அவன் மெய்யாகச் செய்ததையும் மக்கள் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். அன்பின் மிகுதியால் பாரத்தைக் கூட்டுகிறவரும், அறிவின் செருக்கால் எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று தள்ளுகிறவரும், இறந்துபோன அம்மனிதனிடமிருந்து அவனுக்கு உரியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

மீண்டும் சாவடியில்

இப்போது அந்தப் பெரியவரின் கல்லை நினைத்துப் பார்க்கிறோம். எடை என்ன என்ற முதற்கேள்வியை மட்டுமே நாங்கள் அன்று கேட்டோம். தராசு பதில் சொன்னதும் தீர்ப்பெழுதிவிட்டோம். அக்கல் வழவழப்பாக, உருண்டையாக, விரல் நுழைய ஒரு பிளவும் இல்லாமல் இருந்ததை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. நிறுக்கக் கொண்டுபோனபோது நான்கு இளைஞர்கள் கடப்பாரையும் கயிறும் கொண்டுதான் அதை வண்டியில் ஏற்றினார்கள். ஒரு காலத்தில் தனியொரு மனிதர் அதை வெறுங்கையால் தோளுக்கு ஏற்றியிருந்தால், ஊரை மும்முறை சுற்றாவிட்டால்தான் என்ன?

நாம் கேட்டிருக்க வேண்டியது வேறு. "ஐயா, உங்கள் பாட்டனார் முதலில் எங்கே கை வைப்பார்? முழங்காலில் ஏற்றும்போது எந்தக் காலை முன்னே வைப்பார்? அன்று உடன் நின்று பார்த்தவர் யார் யார்?" அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாததைக் கூட்டிச் சொல்லியிருந்தால், அதையும் நாம் பிரித்தறிந்திருக்கலாம். எஞ்சியது சிறிதாயினும் மெய்யாக இருந்திருக்கும். அதை எழுதியும் வைத்திருக்கலாம்.

பெரியவரை நாமே நல்லடக்கம் செய்தோம். சில ஆண்டுகள் கழித்து அவ்வழியே சென்றபோது சாவடியில் இறங்கிப் பார்த்தோம். கல் மீண்டும் பழைய இடத்தில், மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. அதன்மேல் அமர்ந்து பள்ளிச் சிறுவன் ஒருவன் தின்பண்டம் தின்றுகொண்டிருந்தான். இந்தக் கல்லைத் தூக்கியவர் யாரென்று தெரியுமா என்று கேட்டோம். தெரியாது என்றான். நாம் அறிந்த அளவில், கூட்டாமல் குறைக்காமல், அவனுக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.