இருவர் போதும்: கோல்ஃப் உலகக் கிண்ணமும் சிறிய நாடுகளும்

நாட்டின் பெயரால் களமிறங்க உதைபந்தாட்டத்துக்குப் பதினொருவர் வேண்டும், கிரிக்கெட்டுக்கும் பதினொருவர் வேண்டும். 1953 ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் தொடங்கிய ஒரு கோல்ஃப் போட்டி, இருவர் இருந்தால் போதும் என்றது. முதலில் கனடாக் கிண்ணம் என்றும், 1967 முதல் உலகக் கிண்ணம் என்றும் அழைக்கப்பட்ட அந்தப் போட்டியின் அறுபத்தைந்து ஆண்டு வரலாற்றை, இருவர் என்ற அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே படித்துவிடலாம் என்பது என் கருத்து. ஆள்பலமும் பணபலமும் இல்லாத நாடுகள் பெரிய நாடுகளுக்குச் சமமாக நிற்க முடிந்ததற்கு அந்த விதிதான் காரணம்.

போட்டியை உருவாக்கியவர் ஜோன் ஜே ஹொப்கின்ஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபர். நீர்மூழ்கிகளும் போர்விமானங்களும் கட்டிய ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் அவர். கனடாவின் விமான உற்பத்தி நிறுவனமான கனடேரும் அவர் கையில் இருந்தது. பனிப்போர்க் காலத்தில் ஆயுதம் செய்து விற்ற ஒருவர், நாடுகளிடையே நல்லெண்ணம் வளர்க்க கோல்ஃப் உதவும் என்று நம்பியது முரணாகத் தோன்றலாம். ஆனாலும் அவர் போட்ட திட்டம் நேர்மையானது. முதல் போட்டிக்கு வந்தவை ஏழு அணிகள் மட்டுமே. ஆர்ஜென்டீனாவின் அந்தோனியோ செர்தாவும் ரொபேர்த்தோ டி விசென்சோவும் வென்றார்கள். அடுத்த ஆண்டே அணிகள் இருபத்தைந்தாகின. அந்த முறை அவுஸ்திரேலியாவின் பீட்டர் தொம்சனும் கெல் நேகிளும் கிண்ணத்தை எடுத்தார்கள்.

கணக்கு எளிமையானது. இருவரும் தனித்தனியே தத்தம் பந்தை நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகள் ஆடுவார்கள். இருவருடைய அடிகளையும் கூட்டினால் குறைவாக வரும் நாடு வெல்லும். ஒருவருடைய மோசமான நாளை மறைக்க மூன்றாவது ஆள் கிடையாது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் தொழில்முறை வீரர்கள் இருக்கலாம். களத்துக்கு வருவது அவர்களிலும் இருவர்தான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கிண்ணத்தில் இந்த வாய்ப்பு இல்லை. பன்னிருவர் கொண்ட அணியை நிறுத்த ஐரோப்பா முழுவதும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை 1957 ஒக்டோபரில் யப்பான் காட்டியது. அந்த ஆண்டுப் போட்டி தோக்கியோவுக்கு அருகே கசுமிகசெக்கி மைதானத்தில் நடந்தது. ஹொப்கின்ஸ் அதைக் காணவில்லை; அவர் அந்த ஆண்டு மே மாதமே காலமாகிவிட்டார். போரில் தோற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நாடு யப்பான். அங்கே கோல்ஃப் பணக்காரரின் பொழுதுபோக்காக மட்டுமே இருந்தது. எதிரே அமெரிக்காவுக்காக சாம் சினீட்டும் ஜிம்மி டெமரெட்டும் வந்திருந்தார்கள். யப்பானின் தோராகிச்சி நகமுராவும் கோயிச்சி ஓனோவும் ஒன்பது அடிகள் வித்தியாசத்தில் அவர்களை வென்றார்கள். தனிநபர் வெற்றியும் நகமுராவுக்கே கிடைத்தது. அப்போது யப்பானில் தொலைக்காட்சி புதிது. போட்டி அதில் ஒளிபரப்பானது. அதற்குப் பின் அந்நாட்டில் எழுந்த கோல்ஃப் மோகத்துக்கு ஆய்வாளர்கள் வழக்கமாகப் பொருளாதார வளர்ச்சியையே காரணமாகக் காட்டுவார்கள். பணம் மைதானங்களைக் கட்டியது உண்மைதான். எங்களாலும் முடியும் என்ற எண்ணத்தை விதைத்தவர்கள் அந்த இருவர்.

அடுத்த ஆண்டு மெக்சிக்கோவில் அயர்லாந்து வென்றது. 1972 இல் மெல்பேர்னில் தாய்வானின் ஷியே மின்-நானும் லு லியாங்-ஹுவானும் வென்றார்கள். 1980 இல் கனடா, 1987 இல் வேல்ஸ். அமெரிக்கா மொத்தம் 24 முறை வென்றிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிரெட் கப்பில்ஸும் டேவிஸ் லவ்வும் 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது இன்னும் முறியாத சாதனை. ஆனால் பலம் இவ்வளவு இருந்தும் அமெரிக்காவால் இந்தக் கிண்ணத்தைத் தன் சொத்தாக்கிக்கொள்ள முடியவில்லை.

வென்றவர்களுடைய பின்னணியும் கவனிக்கத்தக்கது. ஸ்பெயினுக்கு 1976 இலும் 1977 இலும் கிண்ணத்தை வென்று கொடுத்த செவெ பல்லெஸ்தரோஸ், பெட்ரேனா என்ற கரையோர ஊரில் மற்றவர்களின் கோல்பையைச் சுமந்து ஆட்டம் பழகியவர். 1956 இல் சினீட்டுடன் இணைந்து வென்ற பென் ஹோகனும் சிறுவயதில் கோல்பை சுமந்தவரே. தெற்காசியாவிலும் இதே கதைதான். 1991 இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், 2009 இல் அதே பட்டத்தை வென்ற சின்னசுவாமி முனியப்பா இருவரும் கோல்பை சுமந்து தொடங்கியவர்கள். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை றோயல் கல்கத்தா கழகத்தில் புல்தரை பராமரித்தவர். கழகத்தின் முன்வாசலால் உறுப்பினராக நுழைய முடியாதவர்களின் பிள்ளைகள், பின்வாசலால் வந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

இலங்கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் கோல்ஃப் கழகம் 1879 இல் தொடங்கியது. காலிமுகத்திடலில் ஆடிய அது பின்னர் பொரளைக்குப் போனது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் இன்றும் அந்த மைதானத்தின் நடுவே ஓடுகிறது. நுவரெலியாக் கழகம் தோட்டத்துரைமாருக்காக எழுந்தது. கோல்ஃப் பிறந்தது ஸ்கொட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில், பயிருக்கு உதவாத, ஆடுமாடு மேய்ந்த தரையில். அந்த அளவில் பார்த்தால் மன்னார்த் தீவின் தென்கரையும் தாழ்வுபாட்டு மணலும் நுவரெலியாவின் மலைச்சரிவைவிட அந்தத் தாய்நிலத்துக்கு நெருக்கமானவை. ஆனால் மைதானங்களின் இடத்தைத் தீர்மானித்தது மண்ணின் தன்மை அல்ல, கோப்பியும் தேயிலையும் தந்த பணம். அந்தப் பணத்தை விளைவித்த தொழிலாளர்களோ இந்தியாவிலிருந்து மன்னார்க் கரைகளில் இறங்கி, காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்தவர்கள். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியபின் அவர்களுக்குப் பின் வந்தவர்கள் ரயிலேறினார்கள். அந்தப் பாதை வழியே மலைக்குப் போன உழைப்பு நுவரெலியாவில் புல்தரையானது. மன்னார் வெறும் இறங்குதுறையாகவே நின்றுவிட்டது. வடக்குக் கிழக்கில் பின்னர் எழுந்த மைதானமும் திருகோணமலைச் சீனன்குடாவில், விமானப்படையின் கையில் இருக்கிறது.

இவ்வளவு குறுகிய வாசலுக்குள்ளால்தான் இலங்கை வீரர்கள் வந்திருக்கிறார்கள். நந்தசேன பெரேரா ஒரு தலைமுறை. அவருடைய மகன் மிதுன் பெரேரா ஆசியச் சுற்றுவரை போனார். தங்கராஜா, பிரபாகரன், அனுர ரோஹண ஆகியோர் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடியவர்கள். தங்கராஜா அங்கே பட்டங்களும் வென்றிருக்கிறார். பதினொருவரையோ பன்னிருவரையோ திரட்ட இந்த நாட்டால் முடியாது. இருவரை அனுப்ப முடியும். சிறிய நாடுகளுக்கு இந்தப் போட்டி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

2000 ஆம் ஆண்டில் ஆட்டமுறை அடியோடு மாறியது. அதுவரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்த தனியாட்டக்காரர்கள். அதற்குப் பின் இரண்டு நாட்கள் இருவரும் தத்தம் பந்தை ஆட, ஒவ்வொரு குழியிலும் இருவரில் சிறந்த எண்ணிக்கை அணிக்குச் சேர்ந்தது. மற்ற இரண்டு நாட்கள் ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடித்தார்கள். ஒருவர் புதருக்குள் தள்ளிய பந்தை மற்றவர் வெளியே எடுக்க வேண்டும். தனிநபர் பரிசு நீக்கப்பட்டது. இந்த மாற்றத்தைப் பழைய ரசிகர்கள் பலர் விரும்பவில்லை. எனக்கு இது போட்டியின் உள்ளார்ந்த பொருளை வெளிக்கொண்டுவந்த மாற்றமாகவே படுகிறது. 2009 இல் இத்தாலியின் மொலினாரி சகோதரர்கள் வென்றதும், 2016 இல் டென்மார்க்கும் 2018 இல் பெல்ஜியமும் முதன்முறை வென்றதும் இந்த முறையில்தான். பெல்ஜியம் வென்ற மெல்பேர்ன் போட்டியில் இந்தியாவுக்காக அனிர்பன் லஹிரியும் ககன்ஜீத் புல்லரும் ஆடினார்கள்.

அதே காலத்தில்தான் போட்டி மெலியவும் தொடங்கியது. தனிநபர் சுற்றுகளில் பரிசுப்பணம் பெருகப் பெருக, முன்னணி வீரர்கள் நாட்டுக்காக ஒரு வாரம் ஒதுக்கத் தயங்கினார்கள். 2009 இன் பின் ஆண்டுதோறும் நடப்பது நின்றது. 2020 போட்டி பெருந்தொற்றால் கைவிடப்பட்டது, பிறகு நடக்கவே இல்லை. 2016 இல் கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பியதால் நாட்டுக்கொடிக்கு வேறொரு மேடை கிடைத்துவிட்டது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் மட்டுமே இருந்தது. இருவர் சேர்ந்து ஒரு நாடாவது அங்கே இல்லை.

பெண்களுக்கான உலகக் கிண்ணத்தின் ஆயுள் இன்னும் குறுகியது. 2005 முதல் 2008 வரை நான்கு முறை தென்னாபிரிக்காவில் நடந்தது. வென்றவர்கள் முறையே யப்பான், சுவீடன், பரகுவே, பிலிப்பைன்ஸ். கோல்ஃப் உலகில் யாரும் பெரிதாகப் பேசாத பரகுவே, ஹூலியெத்தா கிரானதா, செலெஸ்தே துரோச்சே என்ற இரு பெண்களால் 2007 இல் கிண்ணத்தை வென்றது. இருவர் விதியின் நியாயத்தை நிறுவ இந்த ஒரு வெற்றியே போதுமானது. நான்கே ஆண்டுகளில் அதைக் கைவிட்டது ஆட்டத்தை நிர்வகித்தவர்களின் பெரும் பிழை.

இருவர் முறை இப்போது வேறு உருவில் திரும்புகிறது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்தாடும் கலப்பு அணிப் போட்டிக்கு 2025 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. தெற்காசியாவுக்கு இது வேறு கணக்கைத் தருகிறது. இந்தப் பகுதியில் ஒலிம்பிக் பதக்கத்துக்கு மிக அருகே சென்ற கோல்ஃப் வீரர் பெங்களூரின் அதிதி அசோக். தோக்கியோ ஒலிம்பிக்கில், நகமுராவும் ஓனோவும் வென்ற அதே கசுமிகசெக்கியில் நான்காவதாக வந்தார். புதிய முறையில் அவருடைய ஆட்டம் இந்திய அணியின் பாதி. இலங்கைக் கழகங்கள் இனி ஒரு பெண்ணையும் பயிற்றுவிக்காமல் ஓர் அணியை நிறுத்த முடியாது.