நிழற்படம் கூறும் நிலச்சான்று

மலை அசையாதது என்பர். ஆயின், மலையைக் குடைந்து நீர் கொண்டுசெல்லுமிடத்து மேலுள்ள மண் தாழ்வதும், மனைச்சுவர் பிளப்பதும் உண்டு. அவ்வசைவை அளப்பதற்கு நிழற்படம் துணையாக வந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

1858ஆம் ஆண்டில் அல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் யேர்மானியக் கட்டடக் கலைஞர், வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை ஏறி அளக்கையில் விழுந்து இறக்கும் நிலையெய்தித் தப்பினார். படமெடுத்துப் படத்திலேயே அளந்தாலென்ன என்னும் எண்ணம் அவருக்கு அதனால் உதித்தது. 1885இல் அவர் முயற்சியாற் பிரசியாவில் அரச நிலையமொன்று எழுந்தது. கட்டடங்களின் உருவையும் அளவையும் அவை அழியுமுன்னே படங்களிற் காத்துவைப்பதே அதன் பணி.

மண்ணின் நகர்வை இவ்வாறு அளக்கும் முறையை 2003இல் உவைட், டேக், போல்டன் என்னும் பொறியியலறிஞர் மூவர் விளக்கினர். மண்ணின் படத்தைச் சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலுமுள்ள மணற்கோலத்தைப் பின்னெடுத்த படத்திலே கணிப்பொறி தேடுகின்றது. அசையாக் குறிகளின் இடைத்தூரம் தெரிந்திருப்பின், நகர்வை மில்லிமீற்றரிற் கூறலாம்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். நுவரெலியாவை அடுத்த ஊவாவிலே, உமா ஓயாத் திட்டத்திற்காகப் பண்டாரவளைப் பகுதியினூடே நீர்ச்சுரங்கம் குடையப்பட்டது. 2014 டிசெம்பரில் பாறைப் பிளவுகளினின்றும் நிலத்தடி நீர் சுரங்கத்துட் பாய்ந்தது. கிணறுகள் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடிப்புற்றன. 2017 யூனில் மக்கள் பண்டாரவளையிலே திரண்டு முறையிட்டனர். 2024 ஏப்பிரிலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மண்ணிடை நின்ற நீர் வடியுமாயின், அது தாங்கிய பாரமும் மண்மீதே விழும். மண் இறுகித் தாழும்.

இத்தகைய வேளையில் எழும் வினா ஒன்றே: இவ்வெடிப்புப் பழையதோ, புதியதோ? லயன் அறைகளோ பல தலைமுறை கண்டவை. அவற்றிலே முன்னரே வெடிப்பிருத்தல் இயல்பு. முன்னெடுத்த படமில்லையெனின், குடியிருப்போர் சொல்லையன்றி வேறு சான்றில்லை. ஏழையின் சொல்லை மறுத்தல் எளிது.

ஆதலின், வேலை தொடங்குமுன்னரே ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் சேர்த்து, நாள் குறித்து, மீண்டும் வந்து நிற்கத்தக்க இடத்தினின்று படமெடுத்தல் வேண்டும். தேயிலைச் செடி தளிர்த்தும் கொழுந்து பறிக்கப்பட்டும் தோற்றம் மாறுமாதலால், பாறையிலும் சுவரிலுமே குறியிடல் நன்று. படம் மண்சரிவைத் தடுக்காது. நேர்ந்ததை மறைக்கவும் விடாது. இன்று மாணவர் பலர் இல்லங்களிற் படக்கருவியுள்ள கைபேசி உண்டு. தத்தம் சுவரின் வரலாற்றை அவர்களே எழுதத் தொடங்குவாராக.