லாக்டோமீட்டர் 26 காட்டுதா? பால்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பாருங்க!

பழங்காநத்தத்தில் வாசலுக்கு வரும் கறந்த பசும்பாலில் லாக்டோமீட்டரைப் போட்டால் 26 காட்டுது. தண்ணி கலந்துட்டாரா? அவசரப்படாதீங்க.

பசும்பாலுக்கு 28 முதல் 30 வரை இருக்கணும். எருமைப்பாலுக்கு கொஞ்சம் கூடுதல். ஆனா சூடான பாலின் அடர்த்தி குறைவு. கறந்தவுடன் உள்ளே காற்றும் இருக்கும். அதனால் அளவு இறங்கும். நுரை அடங்க ஆறவிட்டு, மெதுவா கலக்கிட்டு அளங்க.

கருவி எந்த வெப்பநிலைக்கானதுன்னு அதிலேயே அச்சிட்டிருக்கும். அதைவிட கூடுற ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.2 சேர்க்கணும். 15.5 டிகிரிக்கான கருவியை 35 டிகிரி பாலில் போட்டால் கிட்டத்தட்ட 4 புள்ளி குறையும். மதுரை வெயிலுக்கு இது சாதாரணம். அப்போ உங்க 26 உண்மையில் 30!

சரி, 29 காட்டினா நல்ல பாலா? அதுவும் உறுதியில்லை. ஆடையை எடுத்தா அளவு ஏறும், தண்ணி சேர்த்தா இறங்கும். ரெண்டையும் செஞ்சா கருவிக்குத் தெரியாது. பால் சங்கங்களில் கொழுப்பையும் சேர்த்து அளப்பது இதனால்தான்.