மைக்கறை சொல்லும் வரலாறு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் பல உள்ளன. மரத்தூண்களுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் நடுவே, சரிந்த மூடியுடன் கூடிய தாழ்ந்த மரப்பெட்டி ஒன்றை அங்கே நீங்கள் காணக்கூடும். அதைத் திறந்து பாருங்கள். உள்ளே சிறு சிறு அறைகள். ஓரத்தில் மைக்கூடு வைக்க ஒரு குழி. அதைச் சுற்றிக் கருங்கறை. இதுவே கணக்குப் பெட்டி. கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, இதன் மூடியையே மேசையாகக் கொண்டு எழுதினார்.

இந்தப் பெட்டிக்குச் செட்டிநாட்டில் ஏன் அத்தனை மதிப்பு? 19ஆம் நூற்றாண்டு முதல் நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். முதலாளி ஊரில் இருப்பார். கடையோ கடலுக்கு அப்பால் இருக்கும். இருவரையும் இணைத்தது முகவர் எழுதி அனுப்பிய கணக்குதான். பேரேட்டில் ஒரு பிழை நேர்ந்தால் பல்லாயிரம் ரூபாயும் நம்பிக்கையும் ஒருங்கே போய்விடும்.

அதற்கு முன்பு ஓலையும் எழுத்தாணியும் இருந்தன. எழுத்தாணி ஓலையைக் கீறும். பின்னர் கரியைத் தடவித் துடைத்தால் எழுத்து தெளியும். காகிதத்திலோ எழுதும்போதே மை வேண்டும். ஆகவே மைக்கூடும், மரப்பிடியில் எஃகு முள் செருகிய கட்டைப் பேனாவும் தேவைப்பட்டன.

அந்நாளைய மைகளில் ஒன்று கடுக்காய் மை. கடுக்காயை இடித்து நீரில் ஊறவைத்தால் டானின் என்னும் பொருள் நீரில் இறங்கும். அதனுடன் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டைச் சேர்ப்பார்கள். எழுதும்போது சற்று வெளிறியிருக்கும் மை, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் நன்கு கறுத்துவிடும். ஐரோப்பியர் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்தின் கரணைகளைப் பயன்படுத்தினர், வேதியியல் ஒன்றே.

இந்த மை அமிலத்தன்மை உடையது. எஃகு முள்ளை அரிக்கும். நாளடைவில் காகிதத்தையும் தின்னும். ஆதலால் கூடு மரமானாலும், உள்ளே மையைத் தாங்குவது பெரும்பாலும் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணமே. உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இதே காரைக்குடியில் இயங்கிவருவது சுவையான பொருத்தம் அல்லவா?

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது; கடைகள் பல மூடப்பட்டன. ஊற்றுப் பேனாவும் பந்துமுனைப் பேனாவும் மைக்கூட்டை ஓய்வுபெறச் செய்தன. பெரிய வீடுகள் பாகம் பிரிக்கப்பட்டபோது, பெட்டிகள் கடைத்தெருவுக்கு வந்தன.

இத்தகைய பெட்டி உங்களிடம் வந்தால், அதை இழைத்து வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். கறையும் கைபட்ட தேய்வும்தான் அதன் சான்றுகள். கறை குழியருகே ஆழ்ந்தும் விலகவிலக வெளிறியும் இருக்கிறதா, எழுதும் கை பதிந்த இடம் தேய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கும் ஒரேசீராகப் படிந்த கறுப்பு, புதிதாகப் பூசியதாக இருக்கலாம். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டு எழுதி வையுங்கள். நூறாண்டு கடந்த பழம்பொருள்களையும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த கையெழுத்து ஏடுகளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்குள் ஓர் ஏடு கிடந்தால் அதைப் பிரித்து எடைக்குப் போடாதீர்கள். விற்ற பெட்டியை மீண்டும் வாங்கலாம். கூழாகிப்போன கணக்கை எவராலும் மீட்க இயலாது.