திருகோணமலைக்காகப் பாய்மரம் இழந்த கப்பல்

திருகோணமலையின் வரலாறு என்றதும் நாம் கோட்டைகளைப் பற்றியே பேசுகிறோம். அக்கோட்டைகள் கைமாறக் காரணமான கப்பல்களைப் பற்றிப் பேசுவது குறைவு. அவற்றுள் ஒன்றான 'எரோ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். 'வீரன்' என்பது அப்பெயரின் பொருள்.

பிரான்சின் தென்கரையிலுள்ள துலோனில் கட்டப்பட்ட எரோ, 1778 டிசெம்பரில் கடலில் இறக்கப்பட்டது. 74 பீரங்கிகளைத் தாங்கிய மூன்று பாய்மரக் கப்பல் அது. அமெரிக்க சுதந்திரப் போரில் பிரான்சும் பிரித்தானியாவும் மோதிக்கொண்டிருந்த 1781இல், தளபதி சுஃப்ரென் அதில் ஏறிப் புறப்பட்டார்.

1782 பெப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலையில் நாகபட்டினம் என மூன்று தடவைகள் பிரித்தானியத் தளபதி ஹியூஸின் அணியுடன் எரோ மோதியது. எதிலும் தெளிவான முடிவு கிட்டவில்லை. சுஃப்ரெனின் பெரிய சிக்கல் துறைமுகம்தான். சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்க இடமில்லை. முறிந்த மரத்தை மாற்றவும், குடிநீர் நிரப்பவும், நோயாளரை இறக்கவும் அவருக்கு ஓரிடம் தேவைப்பட்டது.

திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் அதே ஆண்டு ஜனவரியில்தான் பறித்திருந்தனர். ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரென் அங்கே படைகளை இறக்கினார். சில நாட்களிலேயே கோட்டைகள் சரணடைந்தன.

செப்டெம்பர் 3ஆம் திகதி ஹியூஸ் 12 கப்பல்களுடன் வெளிக்கடலில் தோன்றினார். சுஃப்ரெனிடம் 14 கப்பல்கள் இருந்தன. ஆனால் அணி சிதறியதால் எரோ ஓரிரு துணைக் கப்பல்களுடன் தனித்து நின்று அடி வாங்கியது. நடுப்பாய்மரம் முறிந்து விழுந்தது. அதனுடன் கொடியும் சாய்ந்தது. கப்பல் பணிந்துவிட்டதாக எதிரி எண்ணிவிடக் கூடாதென, வேறு வெள்ளைக் கொடிகளை ஏற்றுமாறு சுஃப்ரென் கட்டளையிட்டார். அன்றைய பிரெஞ்சுக் கடற்படையின் கொடி வெள்ளை நிறமே.

துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. ஆனால் திரும்பும் வழியில் 'ஓரியன்' என்ற மற்றொரு 74 பீரங்கிக் கப்பல் துறைமுக வாயிலில் தரைதட்டி அழிந்தது. அதன் பாய்மரங்களே சேதமடைந்த கப்பல்களைச் சீர்செய்ய உதவின.

இத்தனை இழப்புக்கும் கிடைத்த பலன் என்ன? ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தானதும் திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1784இல் துலோன் திரும்பிய எரோ, 1793 டிசெம்பரில் அதே துறைமுகத்தில் பிரித்தானியரும் அவர்களது கூட்டாளிகளும் மூட்டிய தீயில் எரிந்தது.

ஒரே ஆண்டில் மூன்று கொடிகளைக் கண்ட ஊர் திருகோணமலை. துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர்கள் அவ்வூர் மக்களின் விருப்பத்தை அளக்கவில்லை என்பதே எரோவின் கதையில் நான் காணும் பாடம்.